ஏறின எடை

தாயில்பட்டியிலிருந்து தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்களின் பைகளைச் சுமக்க ஒரு வேன் பின்னால் வரும். ஆளுக்கு ஒரு பை. மாற்று உடுப்பு, போர்வை, தைலம். முனியராஜின் பையும் அதில் ஏறிவிட்டது. ஏறாமல் நின்றது அவன் தலையில் இருந்த அட்டைப்பெட்டி.

"ஏலே முனியராசு, அதையும் தூக்கிப் போடு. எடம் கெடக்கு" என்றார் ஊர்க்காவலன். பதினோரு வருடமாக அந்தக் கூட்டத்தை நடத்திக் கூட்டிப் போகிறவர் அவர்தான்.

"இல்ல அண்ணாச்சி. சொமந்து வாரேன்னு நேந்துக்கிட்டேன்."

"கொண்டு வாரேன்னு நேந்துக்கிட்டா ஆகாதா?"

"வாயில சொமந்துன்னு வந்துருச்சு அண்ணாச்சி."

"வாய் சொல்லிட்டுப் போயிருச்சு, தலை மாட்டிக்கிச்சு" என்றான் கூட்டத்தில் நின்ற சீனிச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். முனியராஜும் சிரித்தான். அரோகரா சொல்லி நடை தொடங்கியது.

பெட்டியில் இருந்தது பத்தரைக் கிலோ கருப்பட்டி. அது அவன் மகள் இசைவாணியின் எடை.

ஏழாம் மாதமே பிறந்த பிள்ளை. ஒரு வயது முடிந்தபோது ஐந்து கிலோகூட இல்லை. அங்கன்வாடியில் மாதம் ஒரு தடவை தூளியில் தொங்கவிட்டு எடை பார்த்து, அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் புள்ளிகள் படி ஏறுவதுபோல் மேலே போகும். இசைவாணியின் புள்ளிகள் எறும்பு வரிசைபோல் தரையோடு போயின. பால் குடித்தாலும் கக்கினாள், கஞ்சி ஊட்டினாலும் கக்கினாள். மருந்து கொடுத்த டாக்டரும், "எடை ஏறணும், எடை ஏறுனாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்றார். ஒருநாள் அவன் மனைவி பாண்டிச்செல்வி கேப்பைக்கூழில் கருப்பட்டியைக் கரைத்து ஊட்டினாள். பிள்ளை அதைக் கக்கவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. அன்றைக்குத்தான் முனியராஜ் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, "முருகா, இவளுக்கு எடை ஏறட்டும். ஏறின எடைக்கு எடை கருப்பட்டி, என் வாசல்லேருந்து சொமந்து வந்து தராசுல வைக்கேன்" என்றான்.

புள்ளிகள் மெல்ல மெல்ல மேலே திரும்பின. மூன்று வயதாகப் போகிற இந்தத் தை மாதத்தில் பத்துக் கிலோவைத் தாண்டிவிட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் மளிகைக் கடைத் தராசில் மறுபடி உட்கார வைத்தபோது, ஒரு மாதத்தில் முந்நூறு கிராம் கூடியிருந்தது.

"ஏங்க, கூடிருச்சு! இன்னும் ரெண்டு வில்லை வைக்கணும்" என்று பாண்டிச்செல்வி கடை என்றும் பாராமல் சத்தம் போட்டாள்.

"வை. இன்னும் கூடட்டும். எம்புட்டுக் கூடுதோ அம்புட்டும் சொமக்கேன்" என்றான் முனியராஜ்.

அந்தப் பக்கத்து வீடுகளில் எதை வைப்பதற்கும் பட்டாசுப் பெட்டிதான். கல்யாணப் பட்டும் பள்ளிக்கூடப் புத்தகமும் அதற்குள்ளேதான் இருக்கும். முனியராஜ் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் காலிப் பெட்டி ஒன்றை எடுத்து, எறும்பு ஏறாமல் இருக்க உள்ளே பாலிதீன் தாள் விரித்து, கருப்பட்டியை அடுக்கிச் சணலால் கட்டினாள் பாண்டிச்செல்வி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, நெருப்பின் அருகே வைக்காதீர்கள் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அதை வாசிக்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. தினமும் பார்க்கிற எழுத்து.

முதல் நாள் கோவில்பட்டி வரைக்கும் சமாளித்துவிட்டான். தலையில் சும்மாடு, அது வலித்தால் வலது தோள், அது வலித்தால் இடது தோள். கோவில்பட்டிக்குள் ஒரு டீக்கடையில் பெட்டியை இறக்கியதும் கடைக்காரர் கையில் கிளாசோடு எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, வெடியை அடுப்புக்கிட்ட வைக்காதீக! ஒங்களுக்கு வேணா பழக்கமா இருக்கும்!"

"கருப்பட்டிங்க, கருப்பட்டி" என்று சீனிச்சாமி பெட்டியைத் தட்டிக் காட்டினான். "பத்த வச்சாலும் டீ தான் வரும்."

கடைக்காரர் நம்பவில்லை. பெட்டியை வெளியே வெயிலில் வைத்துவிட்டுத்தான் டீ கிடைத்தது.

இரண்டாம் நாள் எட்டயபுரம் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் உடைமரமும் கரிசலும். முனியராஜின் உள்ளங்கால்களில் கொப்புளம் உடைந்து தார் ரோடு நேராகச் சதையில் பட்டது. கழுத்து திரும்பவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பெட்டி அவனைப் பூமிக்குள் அடிப்பதுபோல் இருந்தது. பத்தரைக் கிலோ என்பது வீட்டில் கொஞ்சுவதற்குத்தான் கொஞ்சம். அந்த ரோட்டில் அது ஒரு ஆள்.

'கொஞ்சம் கொறைஞ்சிருக்கக் கூடாதா' என்று மனது சொன்னது.

சொன்ன பிறகுதான் அது என்ன கேட்டது என்று அவனுக்குப் புரிந்தது. பெட்டி குறைந்திருக்க வேண்டும் என்றால் யார் குறைந்திருக்க வேண்டும்? அந்த நடு ரோட்டில் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்ன தம்பி, கோபுரம் தெரியறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இங்கனயே கன்னத்துல போட்டுக்கிடுதே?"

வள்ளித்தாய் கேட்டாள். முனியராஜ் வேலை பார்க்கிற அதே கம்பெனியில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவள். அவனுக்கு மதினி முறை.

"ஒண்ணுமில்ல மதினி."

"குடு, அந்த மைல்கல்லு வரைக்கும் நான் வச்சிருக்கேன்."

"நான் சொமக்கேன்னுதான சொன்னேன். வேற யாரும் தூக்கினா எனக்குப் பயமா இருக்கு மதினி."

வள்ளித்தாய் அவன் பக்கத்தில் வந்து, பெட்டிக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தாள். "நான் சொமக்கலைப்பா. தொட்டுக்கிட்டு வாரேன். தொடுறதுல குத்தமில்லைல?"

அந்தக் கை இருந்த மட்டும் கழுத்துக்கு மூச்சு வந்தது. மதியச் சாப்பாட்டுப் பந்தல் தெரிகிறவரை அவள் கையை எடுக்கவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி வெளுத்திருப்பதை அப்போதுதான் முனியராஜ் பக்கத்தில் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன் கம்பெனியில் பக்கத்து ரூமில் பிடித்த தீயில், சேலை பற்றிய ஒருத்தியின் மேல் தண்ணீர் வாளியோடு பாய்ந்து தீயை அணைத்தவள் அவள்.

பந்தல் பக்கத்துக் கிராமத்தார் போட்டது. நடந்து போகிறவர்களுக்கு வருடா வருடம் அங்கே சோறு உண்டு. மூன்று கல் அடுப்புகளில் சாம்பார் சாதம் வெந்துகொண்டிருந்தது. முனியராஜ் பந்தல் ஓரத்தில் நிழல் பார்த்துப் பெட்டியை இறக்கினான். அடுப்பு நாலு எட்டுத் தள்ளித்தான் இருந்தது. காலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பின்பக்கத் தொட்டிக்குப் போனான்.

உடைவிறகு வெடிக்கும். காற்றும் அந்த நேரம் பார்த்துத் திரும்பியது. ஒரு பொறி பறந்து வந்து பெட்டியின் மூலையில் உட்கார்ந்தது. அட்டை கறுத்து, விரல் அளவுக்குப் புகை எழுந்தது.

சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த வள்ளித்தாய் அதைப் பார்த்தாள். அவள் பார்த்தது பட்டாசுப் பெட்டி, நெருப்பு, புகை. கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கும். போர்மேன் தினமும் காலையில் சொல்வார்: "முதல்ல ஊத்து. அப்புறமா என்னன்னு பாரு." பதினைந்து வருடம் கேட்ட சொல் அது. சாம்பாருக்கு வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் கிடந்த வாளியை அவள் எடுத்தது அவளுக்கே தெரியாது.

"ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்று வாளி.

தாயில்பட்டியார் அத்தனை பேரும் ஓடினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எதிர்க்காற்றில் ஐம்பது அடி ஓடி, கரிசலில் குப்புறப் படுத்துவிட்டார்கள். ஊர்க்காவலனும் படுத்திருந்தார். பந்தல்காரர்கள் மட்டும் கரண்டியும் கையுமாக, இவர்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தபடி நின்றார்கள்.

வெடிக்கவில்லை. எரிந்த மூலையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

வள்ளித்தாய் நாலாவது வாளியோடு நின்றாள். வாளி கையிலிருந்து நழுவியது.

"ஐயோ. இது கருப்பட்டில்லா."

முனியராஜ் ஓடி வந்தான். பாலிதீன் தாளுக்குள் தண்ணீர் குளமாக நின்றது. கருப்பட்டி அதில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீரை வடித்துவிடலாம் என்று அவசரமாகப் பெட்டியைத் தூக்கினான். நனைந்த அட்டை அடியோடு பிய்ந்தது. கருப்பட்டியும் பாகுத்தண்ணீரும் மொத்தமாக மண்ணில் விழுந்தன. இரண்டு கையையும் குவித்து அந்தத் தண்ணீரை அள்ளினான். அது விரலிடுக்கு வழியே போனது. மறுபடியும் அள்ளினான். கரிசல் மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"நான்தான்பா. நான்தான் ஊத்துனேன்" என்று வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "இம்புட்டு நேரம் தொட்டுக்கிட்டு வந்தேனே. எனக்குத் தெரியும்லா கருப்பட்டின்னு. இந்தப் பாழாப்போன கைக்குத் தெரியலையே."

அவனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவன் காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குறைந்திருக்கக் கூடாதா என்று கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பந்தலில் சமையலைப் பார்த்துக்கொண்ட கருப்பம்மாள்.

"அழுதுக்கிட்டே நின்னா எறும்பு வந்து தூக்கிட்டுப் போயிரும். முழுசா இருக்குறதை முதல்ல பொறுக்குங்க. மேலாப்புல நிக்குற தண்ணியை இந்தச் சட்டியில மோந்து ஊத்துங்க. காய்ச்சிப் பாப்போம்."

"நாங்க நேரத்துக்குப் போகணும் தாயி" என்றார் ஊர்க்காவலன்.

"போங்க. இவுக ரெண்டு பேரும் இருக்கட்டும். காய்ச்சாம வச்சா நாளைக்கு நொரைச்சுப் போயிரும். சாமிக்குப் புளிச்சதையா குடுப்பீக?"

கூட்டம் போனது. முனியராஜும் வள்ளித்தாயும் இருந்தார்கள். கருப்பம்மாள் தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அதில் வடிகட்டினாள். மண் பட்டதையெல்லாம் ஒதுக்கினாள். "இது மண்ணாப் போச்சு. விட்ருங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் முனியராஜ் அதை ஒருதடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். விறகைத் தணித்து, கிண்டிக்கொண்டே இருந்தாள். வேறு வேலை இல்லாதவள்போல் உட்கார்ந்து கிண்டினாளே தவிர, நூறு பேர் சாப்பிட்ட பாத்திரங்கள் அவள் பின்னால் கழுவாமல் கிடந்தன. பாகு இறுகியதும், சமையலுக்கு உடைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தாள். பாதிதான் சரியாக இறுகியது. மீதி பிசுபிசுவென்று, கருகின வாசனையோடு நின்றது.

வெயில் தாழ்ந்தபோது அதே துண்டில் எல்லாவற்றையும் முடிந்து அவன் தலையில் ஏற்றிவிட்டாள். அவனிடம் தராசு இல்லை. ஆனால் கழுத்துக்குத் தெரிந்தது. இரண்டு கிலோ போய்விட்டது. கூடவும் இருக்கலாம். கழுத்து கேட்டது கிடைத்துவிட்டது. நடக்க எளிதாக இருந்தது. அந்த எளிது அவனைக் கொன்றது.

"அடுத்த ஊர்ல வாங்கிப் போட்ருவோம் தம்பி" என்றாள் வள்ளித்தாய். "என் பாவத்துக்கு நான் வாங்கித் தாரேன்."

"வேண்டாம் மதினி. வாசல்லேருந்து சொமக்கேன்னு சொன்னது. கடையில வாங்கி வச்சா, கொறைஞ்சதை மூடி மறைச்ச மாதிரி ஆயிரும். கொறைஞ்சது கொறைஞ்சதாவே இருக்கட்டும்."

"அப்ப பாண்டிச்செல்விகிட்ட நான்தான் ஊத்துனேன்னு சொல்லிரு. என்னால அவ மொகத்தைப் பாக்க முடியாது."

"ஒங்க கை செஞ்சது சரிதான் மதினி. உள்ள இருந்தது நெசமாவே வெடியா இருந்திருந்தா, நாங்க அம்புட்டுப் பேரும் இந்நேரம் ஒங்களைக் கும்பிட்டிருப்போம்." கொஞ்சம் நடந்துவிட்டு, "தப்பு வேற எடத்துல இருக்கு" என்றான். எங்கே என்று சொல்லவில்லை. அவளும் தன் கையைத்தான் சொல்கிறான் என்று நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனில் பக்கத்து வீட்டுக்குப் பேசினான். பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"லேசாச் சளி. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்கா. வேற ஒண்ணுமில்ல. நீங்க பாத்து நடங்க. நாளைக்கு மறுநாள் காலையில பஸ்ஸுல கூட்டிட்டு வந்துருதேன்."

"ரெண்டு நாளாவா?"

"ஆமா."

"எடை பாத்தியா?"

"என்னங்க இது, இப்ப எதுக்கு எடை?"

ஒரு ரூபாய்க்கான நேரம் முடிந்து லைன் அறுந்தது. முனியராஜ் கையில் வேறு ஒரு ரூபாய் இருந்தது. போடுவதற்குத்தான் தைரியம் இல்லை. அன்று முழுவதும் ஒரே ஒரு வேண்டுதல்தான் வேண்டினான். 'நான் சொன்னதைக் கேட்காத மாதிரி விட்ரு முருகா. வேணும்னா இந்த மூட்டையை இரட்டிப்பா ஆக்கு.' மூட்டை கனக்கவில்லை.

ஆத்தூர் ஆற்றுப் பாலம் தாண்டி, வாழைத்தோட்டங்கள் தாண்டி, தைப்பூசத்தன்று காலையில் கடல் தெரிந்தது. கோவில் வாசலில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. துலாபாரம் கொடுக்கிற இடத்தில் பாண்டிச்செல்வி பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். இசைவாணிக்கு மூக்கு ஒழுகியது. அப்பாவைப் பார்த்ததும் தாவினாள். அவன் வாங்கித் தூக்கிப் பார்த்தான். நான்கு நாள் சுமந்து மரத்துப்போன கைக்கு எதுவும் தெரியவில்லை. கூடியிருக்கிறாளா, குறைந்திருக்கிறாளா என்று கையால் சொல்ல முடியவில்லை.

"பெட்டி எங்க?" என்றாள் பாண்டிச்செல்வி.

"நனைஞ்சிருச்சு."

"மழையா அங்கன?"

அவன் பதில் சொல்லுமுன் அவர்கள் முறை வந்துவிட்டது. சங்கிலியில் தொங்கிய இரண்டு பெரிய தட்டுகள். எண் காட்டுகிற தராசு இல்லை. தராசுக்காரர் இசைவாணியைத் தூக்கி ஒரு தட்டில் உட்கார வைத்தார். அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று அம்மாவைப் பார்த்தாள். மறு தட்டில் முனியராஜ் துண்டை அவிழ்த்தான். முழுசான வில்லைகளை வைத்தான். உருவம் கெட்ட, பிசுபிசுத்த கட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தான். கடைசிக் கட்டியை வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

பிள்ளையின் தட்டு தரையிலேயே இருந்தது.

"கொறையுதே. இன்னும் எடுத்து வைங்க" என்றார் தராசுக்காரர்.

"அம்புட்டுதான் அய்யா."

பாண்டிச்செல்வி தட்டைப் பார்த்தாள், கருப்பட்டியைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் முழுக்கச் சிரிப்பானது.

"ஏங்க! மறுபடியும் ஏறிருக்காங்க! நாலு நாள்ல இம்புட்டுக் கனத்துட்டாளே! சளியோட, சோறு திங்காம, எப்படிங்க ஏறினா? முருகா!"

பின்னால் நின்ற வள்ளித்தாய் விம்மிவிட்டாள். "இல்லத்தா, பாண்டிச்செல்வி, அது நான்..." என்று முன்னால் வந்தாள்.

"ஆமா" என்றான் முனியராஜ் சத்தமாக. "கனத்துட்டா. மதினியும் அதைத்தான் சொல்ல வாராக."

வள்ளித்தாய் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தராசுக்காரர் வயதில் நடுத்தரம். ஒரு நாளைக்கு நூறு குடும்பத்தைப் பார்க்கிறவர். அழுகிற பெண்ணையும் சிரிக்கிற பெண்ணையும் நடுவில் நிற்கிற மனிதனின் காலில் இருந்த ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்தார். வலது கையைக் கருப்பட்டித் தட்டின் விளிம்பில் வைத்தார். வைத்ததுபோல் தெரியாமல் லேசாக அழுத்தினார். பிள்ளையின் தட்டு மெல்லத் தரையை விட்டு எழுந்து சமமாக நின்றது.

"சரியாப் போச்சு. பிள்ளையை எறக்குங்க" என்றார்.

முனியராஜுக்குக் கண் நிறைந்தது. யார் பெற்ற பிள்ளையோ இந்த மனிதர். இரண்டு கையையும் கூப்பினான்.

"கையை எடுத்துருங்க அய்யா. கொறையட்டும். முருகனும் பாக்கட்டும்."

தராசுக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கையை எடுத்தார். பிள்ளையின் தட்டு மறுபடி இறங்கித் தரையில் இடித்தது. ஊஞ்சல் என்று நினைத்து இசைவாணி சிரித்தாள். இன்னொரு தடவை என்று சங்கிலியை ஆட்டினாள்.

"மீதியை அடுத்த வருசம் வந்து வைக்கேன் முருகா" என்றான் முனியராஜ்.

"எப்பா, இந்தத் தடவையாவது யோசிச்சுச் சொல்லு" என்றான் சீனிச்சாமி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "கொண்டு வாரேன்னு சொல்லு."

முனியராஜ் யோசித்தான்.

"சொமந்து வாரேன்" என்றான்.

கேட்கிற இடத்தில் அது கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம் கேட்டதும் கேட்டிருக்குமே என்ற பயமும் போகவில்லை. அடுத்த மாதம் அங்கன்வாடியில் புள்ளி எங்கே விழும் என்று அந்தத் தராசு சொல்லவும் இல்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தான். மூன்று நாளாகத் தோல் உரிந்திருந்த அதே இடத்தில் அவள் உட்கார்ந்தாள். எரிந்தது. மறு தோளுக்கு மாற்றாமல், அவள் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்நிதி வரிசையை நோக்கி நடந்தான்.